முதிய நாயும் மூட்டுவலியும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், வண்டலூரிலிருந்து வாலாசாபாத்துக்குச் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து திருப்பெரும்புதூருக்குச் செல்லும் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஒரகடம் என்னும் ஊர் உள்ளது. ஒரு தலைமுறைக்கு முன்னர் அது வயலும் ஏரியும் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. இன்று அங்கே கார்களும் சரக்கு வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் டயர்களும் உருவாகின்றன. 2010-ஆம் ஆண்டில் ரெனால்ட்-நிசான் கார்த் தொழிற்சாலையும், 2012-இல் டெய்ம்லர் சரக்கு வண்டித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் அங்கே இயங்கத் தொடங்கின. அவற்றைத் தொடர்ந்து வந்த சிறு தொழிற்கூடங்கள் பல.

இத்தகைய தொழிற்சாலைகளில் கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கு ஒன்று உண்டு. ஓர் இயந்திரத்தின் பேரிங் தேய்ந்து கிரீச்சிடும் வரை எவரும் காத்திருப்பதில்லை. இத்தனை மணி நேரம் ஓடிய பின் கிரீஸ் இட வேண்டும், இத்தனை மாதங்களுக்கு ஒரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும் என்று கால அட்டவணை வகுத்திருப்பார்கள். தேய்மானம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதனைத் தேடிக் காண்பதுதான் சிறந்த பராமரிப்பு என்பது அங்கே வேலை செய்யும் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்த பாடம்.

அப்பாடத்தைத் தொழிற்சாலையின் வாயிலிலேயே விட்டுவிட்டு வீடு திரும்புகிறோமோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. ஏனெனில் பல வீடுகளில் கட்டிலின் அடியில் ஒரு முதிய நாய் படுத்திருக்கின்றது. அதன் மூட்டுகள் தேய்ந்து வருகின்றன. அது கிரீச்சிடுவதில்லை, ஆகவே எவரும் அதனைக் கவனிப்பதும் இல்லை. 'வயதாகிவிட்டது, இனி அப்படித்தான்' என்று சொல்லிவிட்டு வேலைக்குப் புறப்படுகிறோம். அவ்வாறு சொல்வது தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தொழிற்சாலைகள் எழுந்த பின்னர், ஒரகடத்தைச் சூழ்ந்த ஊர்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறின. உற்றாரும் ஊராரும் அருகில் இல்லாத புதிய இடத்தில், பிள்ளைகளுக்குத் துணையாகச் சிறிய நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வளர்த்தவர்கள் பலர். நம் நாட்டில் மக்கள் பொமரேனியன் என்று அழைக்கும் வெண்ணிற நாய்களுள் பெரும்பாலானவை இந்திய ஸ்பிட்ஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. அவை சிறியவை, குறைந்த இடத்தில் வாழக் கூடியவை, ஆகவே அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்றவை. இத்தகைய சிறு நாய்கள் பொதுவாகப் பதினைந்து ஆண்டுகள் வரை வாழும். பத்து வயதைக் கடந்ததும் முதுமை தொடங்கிவிடும். அப்படியாயின், தொழிற்சாலைகள் தொடங்கிய காலத்தில் குட்டியாக வீட்டுக்கு வந்த நாய் இன்று கிழப்பருவம் எய்தியிருக்க வேண்டுமன்றோ? அன்று அதனோடு ஓடி விளையாடிய குழந்தை இன்று கல்லூரிக்குப் போய்விட்டது. வீட்டில் எஞ்சியிருப்பது வயது முதிர்ந்த நாயும், வேலைக்கு விரையும் பெற்றோரும், ஒருவேளை ஒரு பாட்டியுமே ஆவர்.

நாய்க்கு நாம் பட்டிருக்கும் நன்றிக்கடன் இன்று நேற்று ஏற்பட்டதன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. முதலாம் மகேந்திரவர்மன் ஆண்ட ஏழாம் நூற்றாண்டில் அது நாட்டப்பட்டது. போரிட்டு மாண்ட வீரன் ஒருவனுடைய உருவத்தின் அருகே ஒரு நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்தது என்றும் கல்வெட்டுக் கூறுகின்றது. வீரனுக்கு எடுத்த கல்லில் நாயின் பெயரையும் பொறித்து வைத்தார்கள் நம் முன்னோர். இன்றைய சிறு நாய் கள்வரைக் கடித்து வீழ்த்துவதில்லை, உண்மைதான். ஆயினும் இரவு ஷிப்டு முடிந்து தந்தை திரும்பும் வரை வாயிலை நோக்கிப் படுத்திருப்பதும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் கட்டிலை விட்டு அகலாதிருப்பதும் காவலே ஆகும். அக்காவலுக்கு நாம் கல் நாட்ட வேண்டியதில்லை. அதன் காலில் உள்ள வலியை அறிந்தால் போதும்.

மூட்டுவலி எவ்வாறு வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். இரண்டு எலும்புகள் கூடும் இடத்தில் அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கின்றது. மூட்டைச் சூழ்ந்த உறையினுள் நெய் போன்ற ஒரு நீர் சுரந்து, எலும்புகள் உராயாமல் காக்கின்றது. வயது ஏற ஏறக் குருத்தெலும்பு தேய்கின்றது. மூட்டு உறை அழற்சியுற்று வீங்குகின்றது. எலும்பின் ஓரங்களில் புதிய முடிச்சுகள் வளர்கின்றன. குருத்தெலும்புக்கு நரம்பு இல்லை. ஆகவே அது தேயத் தொடங்கும்போது வலி தோன்றுவதில்லை. தேய்மானம் முற்றிச் சுற்றியுள்ள உறையும் எலும்பும் தாக்கப்பட்ட பின்னரே வலி தோன்றுகிறது. தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் பழையபடி வளர்வதும் இல்லை. இயந்திரத்தில் தேய்ந்த பேரிங்கைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடலாம். உயிருள்ள மூட்டை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

சிறிய நாய்களுக்கு மற்றொரு குறையும் உண்டு. அவற்றுள் சிலவற்றின் பின்னங்கால் முழங்கால் சில்லு பிறவியிலேயே தன் பள்ளத்தில் உறுதியாக நிற்பதில்லை; அடிக்கடி நழுவும். ஓடிக்கொண்டிருக்கும் நாய் திடீரென ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நான்கைந்து அடி மூன்று காலால் துள்ளும்; பின்னர் ஒன்றும் நிகழாதது போல நான்கு காலாலும் ஓடும். அதனை ஒரு விளையாட்டு என்று எண்ணிச் சிரிப்போர் உளர். பல ஆண்டுகள் அவ்வாறு நழுவிய மூட்டே முதுமையில் அழற்சியுற்று வலிக்கின்றது.

மனிதன் வலித்தால் 'அம்மா' என்று கதறுகிறான். நாய் அவ்வாறு கதறுவதில்லை. அடிபட்ட கணத்தில் அது ஓலமிடும். ஆனால் நாள்தோறும் தொடரும் வலியை வாய்விட்டுச் சொல்லாமல் பொறுத்துக்கொள்ளும். தட்டில் சோறு வைத்தால் வாலை ஆட்டிக்கொண்டு வந்து உண்ணும். 'நன்றாக உண்ணுகிறதே, இதற்கு என்ன வலி?' என்று நாம் ஏமாந்து போகிறோம்.

ஆயினும் அது வேறு மொழியில் பேசுகின்றது. படுக்கையிலிருந்து எழும்போது முன்னங்கால்களை ஊன்றிச் சற்றுத் தயங்கும். எழுந்ததும் முதல் சில அடிகள் விறைப்பாக இருக்கும். நடக்க நடக்க விறைப்புத் தளரும். முன்பு ஒரே தாவலில் ஏறிய நாற்காலியின் அருகே நின்று நம் முகத்தைப் பார்க்கும். படியின் கீழே நின்றுவிடும். ஒரே மூட்டை இடைவிடாது நக்கும். பின்தொடைத் தசை மெலியும். நடை குறைவதால் நகம் தேயாமல் நீண்டு வளரும். இடுப்பைத் தொட்டால் திரும்பி உறுமும். 'வயதானதும் கோபக்கார நாயாகிவிட்டது' என்று அதனைப் பழிக்கிறோம். அது கோபமன்று, வலி. முதுமை என்பது நோயன்று. வலி என்பது முதுமைக்குக் கட்டாயமாகச் செலுத்த வேண்டிய வரியும் அன்று. முதுமையைத் தடுக்க முடியாது. வலியைக் குறைக்க முடியும்.

இந்த அறிகுறிகளைக் காண்பதற்கு மாணவர்களே மிகவும் தகுதியானவர்கள். ஷிப்டு வேலை பார்க்கும் பெற்றோரைவிட நீங்களே நாயோடு மிகுந்த நேரம் இருக்கிறீர்கள். ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், எழுந்து நிற்க எவ்வளவு நேரம் ஆயிற்று, எத்தனை படி ஏறியது, எந்தக் காலைத் தாங்கி நடந்தது, எடை எவ்வளவு என்று எழுதி வையுங்கள். அது நடப்பதையும் எழுவதையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். மருத்துவரின் அறையில் நாய் அச்சத்தினாலும் பரபரப்பினாலும் நன்றாக நடந்துவிடும். வீட்டில் எடுத்த படமே உண்மையைக் காட்டும். தொழிற்சாலையில் இயந்திரத்துக்குப் பதிவேடு இருப்பது போல, உயிருக்கும் ஒரு பதிவேடு இருக்கட்டும்.

நொண்டும் நாய் அனைத்துக்கும் மூட்டுத் தேய்மானமே காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடலாகாது. நம் நாட்டில் உண்ணிகளால் பரவும் காய்ச்சல் நாய்களுக்கு மிகுதி. அதிலும் மூட்டுகள் வீங்கி வலிக்கும். உடல் நீண்டு கால் குட்டையான டாஷ்ஹண்ட் இனத்து நாய்களுக்கு முதுகெலும்பிடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும். அதற்குப் படுத்த படுக்கையாக ஓய்வும் உடனடி மருத்துவமும் வேண்டும். உள்ளங்காலில் குத்திய முள்ளும் நொண்டச் செய்யும். ஆகவே முதல் வேலை கால்நடை மருத்துவரிடம் காட்டுவது. அரசுக் கால்நடை மருந்தகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் உரியவை என்று எண்ண வேண்டா; அங்கே நாய்க்கும் மருத்துவம் செய்வார்கள். நுண்ணிய சோதனை தேவையாயின், 1903-இல் தொடங்கப்பட்டு இன்று வேப்பேரியில் நடைபெறும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கின்றது.

நோய் இன்னதென்று தெளிந்த பின், வீட்டில் நாம் செய்யத்தக்கவை எவை? அவற்றுள் பெரும்பாலானவை பணத்தை வேண்டுவன அல்ல, கருத்தை வேண்டுவன.

முதலாவது தரை. புதிய அடுக்குமாடி வீடுகளில் கண்ணாடி போல் பளபளக்கும் ஓடுகளைப் பதிக்கிறார்கள். நமக்கு அது அழகு. முதிய நாய்க்கு அது பனிக்கட்டி. ஒவ்வோர் அடியிலும் கால் வழுக்கும். வழுக்கும் காலை இழுத்துப் பிடிப்பதற்காகத் தசையும் மூட்டும் ஓயாமல் உழைக்கும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கும், அங்கிருந்து வாயிலுக்கும் நாய் செல்லும் வழியில் கோணிச் சாக்கையோ, தேங்காய் நார் விரிப்பையோ, ரப்பர் விரிப்பையோ நகராதபடி விரித்துவிட்டால் துன்பத்தில் ஒரு பங்கு நீங்கிவிடும். நகத்தை அளவாக வெட்டுவதும், விரல்களுக்கிடையே வளர்ந்த மயிரைக் கத்தரிப்பதும் கால் தரையைப் பற்ற உதவும்.

இரண்டாவது ஏற்றமும் இறக்கமும். கட்டிலிலிருந்து குதிக்கும்போது உடலின் எடை முழுவதும் முன்னங்கால் மூட்டுகளில் விழுகின்றது. கட்டிலின் அருகே ஒரு சாய்வுப் பலகையை வைத்து, அதன்மேல் சாக்கைத் தைத்துவிடலாம். மாடிப்படியில் நாயைத் தூக்கிச் செல்ல வேண்டும். தூக்கும்போது முன்னங்கால்களைப் பிடித்துத் தொங்கவிடாமல், ஒரு கையை மார்பின் கீழும் மற்றொரு கையைப் பிட்டத்தின் கீழும் கொடுத்து, முதுகு நேராக இருக்கும்படி தூக்க வேண்டும். சிறு நாயைத் தூக்குவது எளிது. பெரிய நாயை வளர்ப்போருக்கு இல்லாத வசதி இது.

மூன்றாவது படுக்கை. வெறுந்தரையில் கிடந்தால் எலும்பு உறுத்தும். மார்கழிக் குளிரும் ஐப்பசி மழையின் ஈரமும் விறைப்பை மிகுவிக்கும். பழைய போர்வைகளை மடித்துத் தடித்த மெத்தையாகப் போடலாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, நம் கை தாங்கும் சூட்டில், வலிக்கும் மூட்டின்மேல் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் நாய் கண் செருகி உறங்கும்.

நான்காவது உணவு. இதுவே யாவற்றினும் முதன்மையானது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் பெரும்பாலானவை மருந்தைப் பற்றிப் பேசாமல் உணவின் அளவைப் பற்றியே பேசுகின்றன. இன்றைய அறிவியலும் அதனையே கூறுகின்றது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை இரண்டு கூட்டங்களாகப் பிரித்து வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மற்றதைவிட நான்கில் ஒரு பங்கு உணவு குறைவாகக் கொடுக்கப்பட்டது. 2002-இல் முடிவுகள் வெளிவந்தன. குறைவாக உண்ட நாய்கள் ஏறக்குறைய இரண்டாண்டுகள் மிகுதியாக வாழ்ந்தன. அவற்றுக்கு மூட்டு நோயும் காலந்தாழ்ந்தே வந்தது. அவை பெரிய நாய்கள். எனினும் உடற்பளு மூட்டை வருத்தும் என்னும் நியதி சிறிய நாய்க்கும் பொருந்தும்.

நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஏழு கிலோ எடையுள்ள முதிய நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 கலோரி உணவு போதும். காலையில் தேநீர் அருந்தும் தந்தை ஒரு பிஸ்கட்டும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஒன்றும், பாட்டி இரண்டும் கொடுத்தால், அந்த நான்கு பிஸ்கட்டுகளிலேயே அதன் நாளுணவில் ஐந்தில் ஒரு பங்கு அடங்கிவிடும். அதன்பின் வேளைச் சோறும் குறையாமல் வைக்கிறோம். ஒவ்வொருவரும் அன்பினால்தான் கொடுக்கிறோம். எல்லாருடைய அன்பும் அதன் முழங்காலில் போய் இறங்குகின்றது. பருத்த நாய் தன் எடையில் நூற்றுக்கு ஆறு பங்கைக் குறைத்தாலே நடை தெளிவாகச் சீர்படுகிறது என்று ஆராய்ச்சி காட்டுகின்றது. எட்டுக் கிலோ நாய்க்கு அது அரைக் கிலோ மட்டுமே. பிஸ்கட்டுக்கு மாறாக ஒரு துண்டு காரட்டோ வெள்ளரியோ கொடுத்தால் அதன் மகிழ்ச்சி குறைவதில்லை.

ஐந்தாவது நடை. வலிக்கிறதே என்று நாயை நடக்கவிடாமல் வைத்திருப்பது அன்பு போலத் தோன்றும். ஆனால் அது கேடு. நடவாத மூட்டு இறுகும், தசை மெலியும், மெலிந்த தசையால் மூட்டைத் தாங்க முடியாது. ஆறு நாள் கட்டி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஓட விடுவதும் தீது. நாள்தோறும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம், வாரைப் பிடித்து மெல்ல நடத்துவதே நன்று. கோடையில் ஒரகடத்துச் சாலைகள் தார் உருகும் அளவுக்குக் காய்கின்றன. புறங்கையைத் தரையில் சில நொடி வைத்துப் பார்த்துச் சுட்டால் நாய்க்கும் சுடும். ஆகவே வைகறையும் அந்திக்குப் பிந்திய பொழுதும் ஏற்றவை. சரக்கு வண்டிகள் விரையும் சாலையை விட்டு, ஏரிக்கரையின் மண்பாதையில் நடத்துவது காலுக்கும் உயிருக்கும் நலம்.

இனி மருந்து. இங்கே ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். பாட்டியின் முழங்கால் வலிக்கு வாங்கிய மாத்திரை அலமாரியில் இருக்கும். 'அதே வலிதானே, அரை மாத்திரை கொடுத்தால் என்ன?' என்று தோன்றும். கொடுக்கவே கூடாது. இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் கல்லீரலை அழிக்கும். மெலாக்சிகாம் என்னும் மருந்தைக் கால்நடை மருத்துவர்கள் நாயின் மூட்டுவலிக்குத் தருவது உண்டு. ஆனால் ஏழு கிலோ நாய்க்குத் தொடர்ந்து தரும் அளவு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மனிதர் உண்ணும் மாத்திரையிலோ 7.5 அல்லது 15 மில்லிகிராம் இருக்கின்றது. வலி போக்கும் தைலங்களைத் தடவுவதும் ஆகாது, நாய் நக்கிவிடும், அவற்றில் உள்ள கற்பூரமும் பிற பொருள்களும் அதன் வயிற்றில் நஞ்சாகும்.

ஓர் உயிருக்கு மருந்தாவது மற்றோர் உயிருக்கு நஞ்சாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெருஞ்சான்று ஒன்று உள்ளது. மாடுகளின் வலிக்கு டைக்ளோஃபினாக் என்னும் மருந்தை ஊசி வழியாகச் செலுத்தி வந்தார்கள். இறந்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை அழிந்த பின்னர், 2004-இல்தான் அறிவியலார் உண்மைக் காரணத்தை உறுதிப்படுத்தினர். 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்திய அரசு தடை செய்தது. அதற்கு மாற்றாகக் கழுகுகளுக்குத் தீங்கு செய்யாதது என்று கண்டறியப்பட்ட மருந்து மேற்சொன்ன மெலாக்சிகாமே ஆகும். மருந்தின் நன்மையும் தீமையும் அதனை உண்ணும் உயிரைப் பொறுத்தவை. அதன் அளவைப் பொறுத்தவை. ஆதலால் மருத்துவர் நாயின் குருதியைச் சோதித்து, சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக உள்ளனவா என்று கண்டு, எடை பார்த்துக் கொடுக்கும் மருந்தையே கொடுக்க வேண்டும். மீன் எண்ணெய் ஓரளவு பயன் தருகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. கடைகளில் மிகுதியாக விற்கும் குளுக்கோசமின் மாத்திரைகளுக்கு அத்துணை உறுதியான சான்று இல்லை. இருக்கும் சிறு பணத்தை மருத்துவரின் சோதனைக்கும் மெத்தைக்கும் செலவிடுவதே அறிவுடைமை.

இவ்வளவையும் கேட்டபின் ஒருவர் எழுந்து, 'மனிதருக்கே மருத்துவம் அரிதாக இருக்கும் நாட்டில் நாயின் மூட்டுக்கு இத்தனை கவலையா?' என்று வினவலாம். அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் தொழிலாளியின் முழங்காலும் தேய்கின்றது. அதனைக் கேட்பாரும் சிலரே. ஆனால் மேலே கூறியவற்றை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். வழுக்காத தரை, தாழ்ந்த படி, அளவான உணவு, மெல்லிய நடை, கண்ட மருந்தை உண்ணாமை ஆகிய இவை யாருக்கு நல்லவை? நாய்க்கு விரித்த சாக்கின்மேல் பாட்டியும் வழுக்காமல் நடப்பாள். நாயை நடத்தச் செல்லும் தந்தையின் காலும் வலுப்பெறும். கருணை என்பது ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைந்துபோகும் அரிசி மூட்டை அன்று. பேசத் தெரியாத உயிரின் வலியைக் கண்டறியப் பழகியவன், பேசத் தயங்கும் மனிதனின் வலியையும் கண்டறிவான்.

கவனியாமையினும் பெரிய கொடுமை ஒன்று உண்டு. வேலை மாறி வேற்றூருக்குப் போகும்போதும், நாய் தரையை நனைக்கத் தொடங்கும்போதும், அதனை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்த் தொலைவில் உள்ள சாலையோரத்தில் விட்டுவருவோர் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் மெத்தையில் படுத்த நாய்க்குத் தெருவில் இரை தேடத் தெரியாது. வலிக்கும் காலோடு சரக்கு வண்டிக்கு விலகவும் முடியாது. இது சட்டப்படியும் குற்றம். சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் வாயில்லா உயிர்களுக்காக வாதாடினார். அம்முயற்சியின் பயனாக 1960-இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதை அச்சட்டம் குற்றம் என்கிறது. முதல் முறை குற்றம் செய்வோருக்கு அச்சட்டம் விதித்த தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை மட்டுமே. தண்டம் சிறிதாக இருப்பதால் குற்றமும் சிறிது என்று எண்ணலாகாது. உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என்று 1976-இல் நம் அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டிருக்கின்றது.

எல்லா முயற்சியும் செய்த பின்னரும் வலி அடங்காத ஒரு நாள் வரக்கூடும். எழவும் முடியாமல், உண்ணவும் விரும்பாமல் நாய் கிடக்கும்போது, மருத்துவரோடும் குடும்பத்தாரோடும் கலந்து எண்ணி முடிவு செய்ய வேண்டும். துன்பமின்றி அதன் உயிர் அடங்கச் செய்வதும் மருத்துவர் செய்யும் உதவிகளுள் ஒன்றே. அந்த நேரத்திலும் அதன் தலை நாம் அறிந்த ஒருவரின் மடிமேல் இருக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு நாளையும் வலி குறைந்த நாளாக்குவது நம் கையில் இருக்கின்றது.

தொழில் வளர்ந்த ஊரில் எல்லாம் விரைவாக நடக்கின்றன. இத்தனை நொடிக்கு ஒரு கார் என்று கணக்கிட்டு உழைக்கும் இடத்தில், பத்து நிமிடத்தில் ஒரு தெருவைக்கூடக் கடக்க முடியாத முதிய நாயோடு நடப்பது பொறுமையைச் சோதிக்கும். இளமையில் அது நமக்காக ஓடியது. முதுமையில் நாம் அதற்காக மெல்ல நடக்க வேண்டும். இன்று மாலை உங்கள் வீட்டு நாயை, அல்லது அண்டை வீட்டு நாயைச் சற்று நின்று பாருங்கள். அது எவ்வாறு எழுகிறது, எந்தக் காலை முதலில் ஊன்றுகிறது என்று கவனியுங்கள். அந்தக் கவனிப்பே மருத்துவத்தின் முதற்படி.